இந்தியன் ஓஷன் குழுவின் அடுத்த கச்சேரி, அடுத்த பாட்டு: செய்தி உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

கரோல்பாக் பழையவர்

என் தந்தையார் மத்திய அரசுப் பணியில் இருந்ததால், 1990-களின் இறுதியில் நாங்கள் தில்லி கரோல்பாகில், அஜ்மல் கான் சாலைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் குடியிருந்தோம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. அதே வட்டாரத்தில், கஜூர் ரோடு 16/330 என்ற விலாசத்தில் இருந்த ஒரு பழைய பங்களாவில்தான் இந்தியன் ஓஷன் ராக் இசைக்குழுவினர் 1997 முதல் ஒத்திகை பார்த்து வந்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. 1990-இல் தொடங்கி, 1993-இல் முதல் தொகுப்பை வெளியிட்டிருந்த குழு, பக்கத்துத் தெருவில் இருந்தும் செய்தி என்னிடம் வரவில்லை. பள்ளித் தோழனின் அண்ணன் ஒருவர், தெரு நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி நினைவாக 1997 புத்தாண்டு நாளில் நடந்த தெருக்கச்சேரியின் நேரடிப் பதிவான 'டெசர்ட் ரெயின்' தொகுப்பை ஒரு வெற்றுக் கேசட்டில் நகலெடுத்துக் கொடுத்த பிறகுதான் பெயரே தெரிந்தது. அட்டையின் பின்புறத்தில், அடுத்த கச்சேரி நடக்கும் இடத்தையும் தேதியையும் அவர் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். கேசட் கைமாறும்போதெல்லாம் பழைய தேதியை அழித்துப் புதியதை எழுதியதில் அட்டை தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்க வழியில்லாத ஒரு குழுவின் செய்தி உங்களை எந்த வழியாக வந்து அடைந்தது, போய்ப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேடைத் தொண்டன்

எனக்குச் செய்தி வந்தது, மேடையில் என்னென்ன வேண்டும் என்று குழு முன்கூட்டியே அனுப்பும் 'ரைடர்' என்ற தேவைப்பட்டியலின் வடிவத்தில். 2006-இல் நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கல்லூரிக் கலைவிழாவின் இறுதி இரவுக்கு இக்குழுவை அழைத்திருந்தார்கள். மேடைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அசீம் சக்ரவர்த்தி தபேலாவின் முன் சம்மணமிட்டு அமர்ந்து, வாசித்துக்கொண்டே பாடுபவர் என்பதால், அவர் அமர உயர்த்திய தளமும், அமர்ந்தவர் வாய்க்கு எட்டும் குட்டை மைக் ஸ்டாண்டும் வேண்டும் என்று தாளில் தெளிவாக இருந்தது. ஒலிபெருக்கிக் குத்தகைக்காரர் எல்லாம் வந்துவிடும் என்று கடைசி வரை சொல்லிவிட்டு, நின்று பாடுபவர்களுக்கான ஸ்டாண்டுகளை மட்டும் இறக்கிவிட்டுப் போனார்.

விடுதி மெஸ்ஸிலிருந்து நான்கு பெஞ்சுகளைத் தூக்கிவந்து, கால்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, மேலே ஜமக்காளம் விரித்தோம். மைக்குக்கு வழி கிடைக்காமல், ஒரு ஸ்டாண்டின் அடித்தண்டைக் கழற்றிவிட்டு மேல்பாகத்தை மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் இன்சுலேஷன் டேப்பால் சுற்றினோம். ஒலிச்சோதனையின்போது மானிட்டர் பெட்டிகள் ஊளையிட்டன. நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. பெஞ்ச் ஆடுகிறதா என்று பார்ப்பதற்காக நான் மேடையின் ஓரத்தில் குனிந்தே இருந்ததால், குழுவை முழுதாகப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் பார்த்ததெல்லாம் அசீமின் இடது கை மட்டும்தான். தபேலாவின் இடது கை முரசான டக்காவில் உள்ளங்கையின் அடிப்பாகம் அழுந்தி நகரும்போது எழும் கமகம், அதே கணத்தில் அவர் தொண்டையிலிருந்தும் வருவதுபோல் இருந்தது. இரண்டு பெஞ்சுகளுக்கு இடையே நாங்கள் சொருகிவைத்த அட்டைத்துண்டு அந்த அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரமும் அதை விரலால் உள்ளே தள்ளியபடியே கச்சேரி கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாஞ்சில் வாசகி

என் அனுபவம் சிறியது. 2000-இல் வெளிவந்த 'கந்தீசா' தொகுப்பைத் தம்பி சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தான். பக்கத்து வீட்டில் கோட்டயத்திலிருந்து வந்து தங்கியிருந்த சுறியானிக் கிறித்தவப் பாட்டியம்மாள் ஒருவர், சுவருக்கு அப்பால் தலைப்புப் பாட்டைக் கேட்டுவிட்டு ஜெபமாலையோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "இது எங்களுடைய குர்பானாப் பாட்டல்லவா மோளே, இதற்கு யார் டிரம்ஸ் அடிக்கிறார்கள்?" என்று கேட்டார். குர்பானா என்பது அவர்களுடைய தேவாலயத் திருப்பலி. கோபமா மகிழ்ச்சியா என்று எங்களுக்கு விளங்கவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் வந்து, அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்.

இரவுப் பணியாளர்

அசீம் 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். பெங்களூரில் இரவுப் பணி முடித்து வந்து செய்தி படித்தபோது, இனிக் குழு இருக்காது என்றே நான் முடிவு கட்டினேன். ஆனால் அவர் குரலோடு ஒரு தொகுப்பு முழுவதும் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. அதற்கு ஒத்திகை வீட்டின் விலாசத்தையே, '16/330 கஜூர் ரோடு' என்று பெயராக வைத்தார்கள். 2010 ஜூலை முதல் மாதம் ஒரு பாட்டாக, ஏழு பாடல்களைத் தங்கள் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள்.

இதைப் பலர் தாராள குணம் என்று எழுதினார்கள். எனக்கு அது சரியான கணக்காகத்தான் தோன்றியது. இசை நிறுவனத்திடம் கொடுத்தால் உரிமை அவர்களிடம் போகும், கைக்கு வருவது சொற்பம்; குழுவுக்குச் சோறு போடுவது கச்சேரிகள்தான். பாட்டு எத்தனை ஊர்களுக்கு இலவசமாகப் போகிறதோ, அத்தனை ஊர்களிலிருந்து கச்சேரிக்கு அழைப்பு வரும். அதற்காக, இறந்தவருடைய குரலை மாதத் தவணையில் பெறுவது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆறுதலுக்காகக் கேட்கத் தொடங்கி, அடுத்த மாதம் என்ன வரும் என்ற ஆசை வந்தவுடன், யாரோ கவனித்துவிட்டதுபோல் வெட்கப்பட்டிருக்கிறேன்.

அப்போது என்னிடம் இருந்தது டேட்டா கார்டு. கடைசிப் பாட்டை நள்ளிரவில் இறக்கிக்கொண்டிருந்தபோது அந்த மாத அளவு தீர்ந்து, கோப்பு பாதியில் நின்றுவிட்டது. சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் பாதிப் பாட்டையே கேட்டேன். அது ஒரு சொல்லின் நடுவில் அறுந்துவிடும். பின்னர் முழுப்பாட்டும் கிடைத்தது என்றாலும், இன்றும் அந்த இடம் வரும்போது என் காது ஒரு கணம் நின்றுதான் போகிறது. ஏழு பாடல்களுக்கும் நான் ஒரு காசு கொடுக்கவில்லை. புதிய பாடகரும் தபேலாக் கலைஞருமாகக் குழு பெங்களூருக்கு வந்தபோது இரண்டு நுழைவுச்சீட்டு வாங்கி, ஒருவனாகப் போனேன்.

கரோல்பாக் பழையவர்

அனைவருக்கும் நன்றி. மேடைத் தொண்டரின் அட்டைத்துண்டை நான் மறக்கப் போவதில்லை. முதல் பதிவில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிட்டார் கலைஞர் சுஷ்மித் சென் 2013-இல் விலகியபோது, நானும் விலகிக்கொண்டேன். அசீமும் இல்லை, அவரும் இல்லையென்றால் மீதி என்ன என்று அடுத்த ஆண்டு வந்த 'தந்தானு' தொகுப்பை வாங்கவே இல்லை. வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் என் தந்தையார். கரோல்பாகில் நான் டேப் ரெக்கார்டரைத் திறந்தாலே "இந்த இரைச்சலை நிறுத்துடா" என்றவர். ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்த பிறகு, சபா நண்பர் ஒருவர் அந்தத் தொகுப்பில் செல்வகணேஷின் கஞ்சிராவும் குமரேஷின் வயலினும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். "விக்கு விநாயக்ராம் பையன் வாசித்திருக்கிறானாம், போடு பார்க்கலாம்" என்று உட்கார்ந்தார். கஞ்சிரா இல்லாத பாடல்களையும் எழுந்து போகாமல் கேட்டார். நம் கஜூர் ரோடு ஆட்கள்தான் இவர்கள் என்று நான் சொன்னபோது, அந்த பங்களாவின் வாசலில் நின்ற மரம் வரைக்கும் அவருக்கு நினைவிருந்தது. அவ்வழியாகத்தான் பத்து ஆண்டுகள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்வந்தாராம்.

2023-இல் 'தூ ஹை' தொகுப்பு வந்த செய்தியும் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இரண்டு திருமண அழைப்பிதழ்களுக்கு நடுவே. சென்னைக் கச்சேரி எப்போது என்று இப்போது அடிக்கடி கேட்கிறார். முழங்கால் வலி இருப்பதால் ஒரே ஒரு விவரத்தை முன்கூட்டியே விசாரித்துச் சொல்ல வேண்டுமாம்: உட்கார நாற்காலி போடுவார்களா, அல்லது எல்லோரும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டுமா? போய்வந்தவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.