திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்கள் எவை?

களுவாஞ்சிக்குடி ரசிகன்:
வணக்கம். பாலு மகேந்திரா நமது மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்தவர் என்பதற்காகவே அவருடைய படங்களைப் பார்க்கத் தொடங்கிய நான், இப்போது வீட்டார் உறங்கிய பின்னர் பழைய படங்களைத் தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டுள்ளேன். ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தை அவரது ஒளிப்பதிவுக்காகவே பல தடவைகள் பார்த்திருக்கிறேன். உங்களது தெரிவு எது?

கல்லடி வாசகி:
எனது தெரிவு ‘வீடு’ (1988). பாடல்களே இல்லாத அப்படத்தில், சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத வீட்டைத் தனியே பார்க்கப் போகும் காட்சியில் வசனம் ஏறக்குறைய இல்லை. ஆனால் அந்த முதியவரின் நடையிலேயே மகிழ்ச்சி முழுவதும் தெரிகிறது. கடன், அனுமதி, ஒப்பந்தக்காரர் என்று ஒவ்வொரு படியிலும் சிக்குப்படும் குடும்பத்தின் சிரமத்தை, இங்கே வீடு கட்டிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. தயவுசெய்து அதனைக் கைபேசியில் பார்க்காதீர்கள் தம்பி.

அக்கரைப்பற்று அன்பன்:
அக்கா சொல்வது சரி, எனினும் தமிழகப் படங்களோடு நின்றுவிடாதீர்கள். சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு தமிழில் எடுத்த ‘பொன்மணி’ (1977), சாதியையும் சீதனத்தையும் ஆரவாரமின்றிப் பேசுகிறது. வேகம் குறைவுதான், நான் இரண்டு இரவுகளாகப் பிரித்தே பார்த்தேன்.

களுவாஞ்சிக்குடி ரசிகன்:
இருவருக்கும் நன்றி. ‘பொன்மணி’யின் தெளிவான பிரதி எங்கே கிடைக்கும், அண்ணன்?