டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மட்டும் ஃபேன் அடங்குகிறது, உதவி தேவை

கடைப்பொடியன்:
அவசரம். கடைக் கொம்பியூட்டர் சும்மா இருந்தாலும் ஃபேன் இரைகிறது, எல்லாமே ஸ்லோ. என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அடங்குகிறது, மூடினால் பழையபடிதான். வைரஸ் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. போட்டோ கொப்பிக்கு ஆட்கள் நிற்கிறார்கள்!

நிலாவெளியான்:
எந்த விண்டோஸ்? எந்த ஆன்டிவைரஸ்? லேப்டொப்பா?

உப்புக்காற்று:
உட்துறைமுக வீதிப் பக்கமா கடை? கடற்காற்றுக்கு, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் உப்பும் தூசியும் அப்பிவிடும். அதற்கும் சீபியூவுக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்டை மாற்றுங்கள்.

கோணமலை:
டாஸ்க் மேனேஜர் திறந்திருப்பது தூசிக்கு எப்படித் தெரியும்? இது ஒளிந்திருந்து மைனிங் செய்யும், அதாவது உங்கள் கொம்பியூட்டரை வைத்து வேறு யாருக்கோ டிஜிட்டல் காசு உண்டாக்கும் புரோகிராம் போல இருக்கிறது. அகப்படாமல் இருக்கத்தான் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் நின்றுவிடுகிறது. பிட்காயின் என்றால் தனி மெஷின் வேண்டும். மொனேரோ என்ற டிஜிட்டல் காசு 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற மைனிங் முறைக்கு மாறியதிலிருந்து சாதாரண சீபியூவே போதும். அதனால்தான் எக்ஸ்எம்ரிக் என்ற மொனேரோ மைனிங் புரோகிராமை வேறு பெயரில் ஒளித்துவைக்கிறார்கள்.

நிலாவெளியான்:
பிரவுசரில், வெப்சைட்டுக்குள் இருந்து மைனிங் செய்யும் கொயின்ஹைவ் ஓடுகிறதோ?

கோணமலை:
கொயின்ஹைவை 2019 மார்ச்சிலேயே மூடிவிட்டார்கள். பிரவுசரை மூடியும் இரைந்தால் காரணம் வேறு.

பென்குயின்72:
எத்தனை தரம் எழுதுவது? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். லினக்ஸ் போட்டால் இந்தத் தலையிடியே இல்லை.

நிலாவெளியான்:
லினக்ஸ் சேர்வர்களிலும் இதே எக்ஸ்எம்ரிக்தான் ஓடுகிறது, ஐயா.

பென்குயின்72:
அது பாஸ்வேர்டை ஒழுங்காக வைக்காதவர்களின் பிழை.

நிலாவெளியான்:
அப்போ விண்டோஸில் மட்டும் விண்டோஸின் பிழையா?

கடைப்பொடியன்:
விண்டோஸ் 10, டெஸ்க்டொப், ஆன்டிவைரஸ் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் மட்டும்தான். விண்டோஸ் போட்டுத் தந்தவர் டிஃபெண்டரை நிறுத்திவிட்டு காசு கட்டாமல் விண்டோஸை ஒரிஜினல் போலக் காட்டும் ஏதோ ஆக்டிவேட்டர் ஓடவிட்டார்.

கோணமலை:
அதை முதலே சொல்லியிருக்கலாமே! டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷன் பட்டியலைப் பாருங்கள். அதில் உள்ள ஃபோல்டரை ஸ்கேன் தொடாது. தெரியாதது இருந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, விண்டோஸ் தொடங்குமுன்னே தேடும் ஒஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். புரோகிராம்களைத் தானாக ஓடவிடும் டாஸ்க் ஸ்கெடியூலரையும் பாருங்கள், அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கடைப்பொடியன்:
சி டிரைவ் முழுவதும் அந்தப் பட்டியலில் கிடந்தது!! நீக்கி ஒஃப்லைன் ஸ்கேன் போட்டேன், ஏதோ பிடிபட்டது. சத்தம் இல்லை. நன்றி அண்ணா.

கோணமலை:
தம்பி, அதோடு விடாதீர்கள். ஃபைல்களை மட்டும் கொப்பி எடுத்து, ஃபோர்மட் செய்து, ஒரிஜினல் விண்டோஸ் போடுங்கள். 10க்கு வழமையான அப்டேட் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, 11 ஓடுமா என்றும் பாருங்கள். அதில் பேங்க் லொகின் செய்திருந்தால் பாஸ்வேர்டை இப்போதே போனிலிருந்து மாற்றுங்கள். செய்தீர்களா?

உப்புக்காற்று:
ஃபோர்மட்டுக்குக் கொடுக்கும்போது பேஸ்டையும் மாற்றச் சொல்லுங்கள்.