மறுமொழி: முருக்கு மரத்துக் குளவிக்குப் பெயர்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

கேரளத்தின் பீர்மேட்டுப் பக்கத்துத் தமிழ்வழி வகுப்புக்கான பாடத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரண்டு சொற்களில் வேலை நின்றுபோயிருக்கிறது. முருக்கின் துளிரில் முட்டையிட்டு, இலைக்காம்பையும் இளந்தண்டையும் வீங்க வைக்கும் சிறு குளவியின் பெயர் ஒன்று. வெளியிலிருந்து வந்து பெருகிச் சேதம் செய்யும் பூச்சிகளுக்கான பொதுப்பெயர் மற்றொன்று.

முதலாவதற்கு 'முடிச்சுக் குளவி' என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. முருக்கு அவரைக் குடும்பத்து மரம். அதன் வேர்முடிச்சு தழைச்சத்தைச் சேர்த்துத் தருகிறது என்று அதே பாடத்தின் முன்பக்கத்தில்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நன்மைக்கும் நோய்க்கும் ஒரே சொல்லா? 'புடைப்புக் குளவி' போதும். வீங்கிய காம்பை நீளவாக்கில் பிளந்தால் சிறுசிறு அறைகளில் வெண்புழுக்கள் கிடக்கும். வளர்ந்த குளவி வெளியேறிய இடத்தில் ஊசித்துளை இருக்கும்; குளவியின் நீளமே ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

இரண்டாவதில்தான் என் வழக்கு. 'வந்தேறி' வேண்டவே வேண்டாம். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பு இது. எல்லையோரத்தில் அந்தச் சொல் யார்மீது எறியப்படுகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். கரும்பலகையில் அதைப் பூச்சிக்குப் பெயராக நான் எழுத மாட்டேன். அறிவியலுக்கும் அது பொருந்தவில்லை. 2004இல் அறிவியல் பெயர் பெற்ற இந்தக் குளவி, 2005இல் ஹவாயில் நுழைந்து அத்தீவுகளுக்கே உரிய, முருக்கின் இனமான விலிவிலி மரங்களை வாட்டியது. 2006இல் கேரளத்தில் பதிவானது. ஹவாயில் இதை மட்டுப்படுத்த 2008இல் விடப்பட்டது, தான்சானியாவிலிருந்து கொண்டுவந்து சோதித்துப் பார்த்த இன்னொரு குளவி. அது இதன் புழுக்களைத் தின்கிறது. அதுவும் வெளியூர்தானே? கெடுத்ததையும் காத்ததையும் ஒரே பெயரில் அடைக்கும் சொல் எதற்கு உதவும்?

'பரவுகேடு' என்று வைக்கலாம். வினைத்தொகை, பரவிய, பரவுகின்ற, பரவும் என மூன்று காலத்துக்கும் நிற்கும். பரவுகேட்டுப் பூச்சி, பரவுகேட்டுச் செடி என்று நீட்டவும் இடம் தருகிறது.

—

சித்தூரிலிருந்து:

அம்மா, 'கழலை' என்ற பழஞ்சொல் இருக்கப் புடைப்பு எதற்கு? கழங்கு, கழற்சி, கழலை எல்லாம் உருட்சி குறித்த ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் காயே அன்று. ஒருவகைக் குளவியால் மரத்தில் உண்டான கழலை. நெல்லில் இதே வேலையைச் செய்யும் ஈக்கு உழவர் ஆனைக்கொம்பன் என்று பெயர் வைத்தார்; தண்டு தந்தம்போல் வெளுத்து நீள்வதைக் கண்டு வைத்த பெயர். முருக்குக்குச் சங்கப் பாடல்களில் கவிர் என்று பெயர். தலைவியின் சிவந்த வாய்க்கு அதன் இதழ் உவமை. 'கவிர்க்கழலைக் குளவி' என்றால் மரமும் நோயும் தமிழாகவே நிற்கும்.

'பரவுகேடு' குறையுடையது. உள்ளூர் வெட்டுக்கிளியும்தான் பரவிக் கெடுக்கிறது. அயல் என்ற பொருள் எங்கே?

—

குமுளியிலிருந்து:

இங்கே மலையாள அறிவிப்புகளில் 'அதிநிவேச' என்று படித்துப் பழகிய பிள்ளைகள். அதையே எழுதிவிட்டால் என்ன? முருக்கை முரிக்கு என்பவர்களோடு சேர்ந்துதானே மிளகுக்கொடி ஏற்றுகிறோம்?

—

பீர்மேட்டிலிருந்து:

ஐயா, கவிர் என்றால் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. முருக்கு என்றால் வீட்டு மிளகுக்கொடி ஏறியிருக்கும் மரத்தைக் காட்டுவார்கள். கழலை அவர்களுக்குப் பாட்டியின் கழுத்துக் கட்டி. அயல் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். 'அதிநிவேச' படையெடுப்பைச் சொல்கிறது. பூச்சி சரக்கோடும் நாற்றோடும் வந்துசேர்கிறது. ஆகவே தாளில் 'அயலிலிருந்து வந்து பரவும் கேட்டுப் பூச்சி' என்று விரித்தே எழுதுகிறேன். முடிச்சு கேட்டவர்கள் புடைப்புக்கு இணங்கிவிட்டதால் அது அப்படியே போகிறது.

—

சித்தூரிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும். விரித்து எழுதியது விளக்கம், கலைச்சொல் ஆகாது. கலைச்சொல் தொகுப்பில் ஏற்றும்போது கழலைக்கான என் வாதத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.