ஷோகேஸுக்கு வந்த பவளம்

குழு: தூத்துக்குடி சொந்தங்கள்

ஜெரால்டு: (படம்) ராமேஸ்வரத்துல வாங்கினேன். பூ மாதிரியே இருக்குல்ல? புது வீட்டு ஷோகேஸுக்கு

செல்வி அத்தை: அழகா இருக்குப்பா. எனக்கும் ஒண்ணு வாங்கியாந்திருக்கலாம்ல

சேவியர் பெரியப்பா: ஜெரால்டு, இது முருகைக்கல்லு, கடல் பவளம். யாரு வித்தா?

ஜெரால்டு: கரையில ஒரு அம்மா பெரியப்பா. செத்ததுதானே?

சேவியர் பெரியப்பா: செத்ததையும் விக்கக்கூடாது, வாங்கக்கூடாது. 2001லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்கிற அதே முதல் பட்டியல்ல சேத்துட்டாங்க

செல்வி அத்தை: நம்ம பழைய வீடே இந்தக் கல்லுதானே அண்ணே?

சேவியர் பெரியப்பா: ஆமா செல்வி. அடுப்படிச் சுவத்துல காரை பேந்த இடத்தைத் தொட்டுப் பாரு, நட்சத்திரம் நட்சத்திரமா குழி இருக்கும். ஒவ்வொரு குழியிலயும் ஒரு உயிரு இருந்துச்சு. அப்பா காலத்துல வத்தைப் படகுல போயி கடப்பாரையால பேத்துக் கொண்டாருவாங்க. பாதி கட்டடத்துக்கு, பாதி சுண்ணாம்புக் காளவாசலுக்கு. தப்புன்னு அப்ப யாரும் நினைக்கல. கடலுக்கடியில இருக்கிற பவளத் திட்டு, அதான் பாரு, அதைத் தோண்டிட்டா அலையை எது தடுக்கும்? விலாங்குசல்லித் தீவு அப்படித்தான் முங்குச்சு. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போச்சு. மன்னார் வளைகுடாவுல இருந்த 21 தீவுல ரெண்டு இப்ப இல்ல

மெர்சி: வான் தீவும் பாதிக்கு மேல கரைஞ்சிருச்சு. 2015ல இருந்து கான்கிரீட்ல பார் செஞ்சு இறக்கியிருக்காங்க

ஜெரால்டு: இப்ப யாரும் தோண்டலையே, அப்புறமும் ஏன் சாகுது?

மெர்சி: சூடுதான் அண்ணா. பவளத்துக்குள்ள இருக்கிற பாசிதான் அதுக்குச் சோறு ஆக்கிப் போடுது. கோடையில தண்ணி ரொம்பச் சுட்டா பாசி வெளியேறிரும், பவளம் வெள்ளையா நிக்கும். 2010லயும் 2016லயும் நம்ம கடல்ல அப்படி ஆச்சு. தண்ணி சீக்கிரம் ஆறினா பொழைச்சுக்கும், இல்லன்னா பட்டினியில செத்துரும்

சேவியர் பெரியப்பா: சூட்டை நாம ஆத்த முடியாது. வலையை எடுக்கலாம்ல? போன மாசம் கரைப் பக்கத்துப் பார்ல சிக்குன வலையை யாரோ அறுத்து விட்டுட்டுப் போயிட்டாங்க. முங்கிப் பாத்தேன். கொம்புப் பவளத்தைச் சுத்திக் கெடக்கு, அலை இழுக்க இழுக்க நுனி முறியுது. செவுளு மாட்டி ஒரு களவா மீன் குஞ்சு. அதை விடுவிச்சு, முக்கால்வாசி வலையை எடுக்கவே அரை நாள் ஆச்சு. மிச்சம் அங்கதான் கெடக்கு

ஜெரால்டு: ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன் பெரியப்பா. இந்தக் கல்லை என்ன செய்ய?

சேவியர் பெரியப்பா: நாளைக்கே வனத்துறை ஆபீஸ்ல குடுத்துருவோம், நானும் கூட வாரேன். ஞாயிறு வரும்போது நல்ல கத்தி ரெண்டு கொண்டா. நங்கூரம் மணல்லதான் போடணும், பார் மேல விழக்கூடாது

செல்வி அத்தை: பூசை முடிஞ்சு போறீங்களா? சோறு கட்டித் தாரேன்