நிவாரண முகாமுக்கு ஒரு லாரி தண்ணி பாட்டில் அனுப்பலாமா?

திருப்பூர் நண்பன்:
வணக்கங்க. நாங்க பனியன் கம்பெனி ஆளுங்க பத்துப் பன்னெண்டு பேர். 2018 கஜா புயலப்போ வேதாரண்யம் பக்கம் ஒரு லாரி தண்ணி பாட்டில் அனுப்பினோம். இந்த ஐப்பசி கார்த்திகையில புயல் வந்தா உடனே கிளம்பணும்னு இப்பவே பணம் சேர்த்துட்டு இருக்கோம். ஒரு பள்ளிக்கூட முகாம், 400 பேர்னு வெச்சுக்கிட்டா எத்தனை கேஸ் வேணுங்க?

பழைய எச்.ஐ.:
தம்பி, நான் நாகை மாவட்டத்துல சுகாதார ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். மனசு நோகாம கேளுங்க. பாட்டில் வேண்டாம்.

முகாம்ல ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டராவது வேணும்னு, நிவாரண வேலைக்கு உலக அளவுல வெச்சிருக்கிற ஸ்பியர் கையேடு சொல்லுது. குடிக்க, சமைக்க, குளிக்கக் கழுவ எல்லாம் சேர்த்து. 400 பேருக்கு 6,000 லிட்டர். உங்க பத்து டன் லாரி ரெண்டாம் நாள் சாயங்காலம் காலி. அப்புறம் அந்த பாட்டில் எல்லாம் வாய்க்கால்ல போய் அடைக்கும். ரோடு அறுந்து போன ஊருக்கு முதல் நாள் பாட்டில் உதவும், அவ்வளவுதான்.

கஜாவப்போ எங்க பக்கம் என்ன ஆச்சு? ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாஞ்சு போச்சு. மேல்நிலைத் தொட்டி கீறல் கூட இல்லாம நிக்குது, உள்ள சொட்டுத் தண்ணி இல்ல. மோட்டார் ஓட்ட கரண்ட் எங்க? ஜெனரேட்டர டிராக்டர்ல ஏத்தி ஊர் ஊரா கொண்டு போய்த்தான் தொட்டிய நிரப்பினோம். வாடகை கேட்டா தலை சுத்தும். அதனால உங்க பணத்த ஜெனரேட்டர் வாடகைக்கும் டீசலுக்கும் வைங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஊர் டேங்க் ஆபரேட்டருக்கு போன் போட்டு, மோட்டார் எத்தனை எச்.பி., த்ரீ ஃபேஸா சிங்கிளான்னு கேளுங்க. ஜெனரேட்டர் சின்னதா வந்து நின்னா மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது.

அடுத்தது, மூடி போட்ட குழாய் வெச்ச டிரம். வீட்டுக்கு ஒண்ணு. தொட்டியில குளோரின் கலந்து குடுத்தாலும், திறந்த வாளியில கையை விட்டு மொண்டா எல்லாம் வீண்.

கீழத்தஞ்சை டீச்சர்:
எச்.ஐ. சார் கழிப்பறையை விட்டுட்டாரே! எங்க ஸ்கூலையும் முகாமா மாத்தினாங்க. பிள்ளைங்களுக்குக் கட்டின கக்கூஸ், அதுலயும் தண்ணி இல்ல, லைட் இல்ல, பாதிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்ல. பொம்பளைங்க ராத்திரி போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டாங்க. உங்க பாட்டில் அடுக்கினபடியே கிடக்கும். தாழ்ப்பாள், சோலார் விளக்கு, வாளி மக்கு, சோப்பு, நாப்கின், அதைப் போட மூடி வெச்ச குப்பைத்தொட்டி அனுப்புங்க. கூட ஒரு தச்சரையும்.

பழைய எச்.ஐ.:
டீச்சர் சொல்றதுதான் சரி. 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆரம்பத்துல தள்ளுமுள்ளுன்னா 50 பேருக்கு ஒண்ணு. 400 பேருக்கு முதல் நாளே எட்டு வேணும். குழி வெட்டினா கிணத்துல இருந்து 30 மீட்டராவது தள்ளி வெட்டணும்.

மட்டுநகரான்:
2004 சுனாமிக்குப் பிறகு எங்கட கரையோரக் கிணறுகள் எல்லாம் உவராப் போச்சு. உதவிக்கு வந்த ஆக்கள் பம்ப் வச்சு இறைச்சுத் தள்ளினவை. மணல் தரையில நல்ல தண்ணி மேல மெல்லிசா மிதக்கும், கீழ உப்புத் தண்ணி. கனக்க இறைச்சா உப்புதான் மேல ஏறும். மழை பெய்து கழுவும் வரைக்கும் பவுசர் (டேங்கர் லாரி) தண்ணிதான் எங்களுக்கு. கடற்கரை ஊர் எண்டால் கிணத்தில கை வைக்க முதல் ஊர்ச் சனத்திட்ட கேளுங்கோ.

திருப்பூர் நண்பன்:
ரொம்ப நன்றிங்க. பாட்டில் பேச்சை விட்டாச்சு. பிளீச்சிங் பவுடர் அஞ்சாறு மூட்டை இப்பவே வாங்கி வெச்சிரலாமுங்களா?

பழைய எச்.ஐ.:
வேண்டாம். மூட்டை பழசாக ஆக, ஈரக்காத்து பட பட வீரியம் போயிடும். புதுசுல நூத்துக்கு 33 பங்கு குளோரின் இருக்கும். நீங்க இப்ப வாங்கினா கார்த்திகையில வெறும் சுண்ணாம்பைத்தான் கொட்டுவீங்க. புயல் அறிவிப்பு வந்ததும் வாங்குங்க. நல்ல பவுடர்னா தெளிஞ்ச தண்ணி 1,000 லிட்டருக்கு 4 கிராம் போதும். வாளியில கரைச்சு, தெளிய விட்டு, மேல் தண்ணிய மட்டும் தொட்டியில ஊத்தணும். கலங்கல் தண்ணின்னா முதல்ல அதைத் தெளிய வைக்கணும், இல்லாட்டி சேறே குளோரினை எல்லாம் தின்னுடும். ஒரு மணி நேரம் கழிச்சு, கடைசி வீட்டுக் குழாய்ல பிடிச்சு, குளோரின் இருக்கான்னு காட்டுற ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) சொட்டு விட்டுப் பாருங்க. மஞ்சள் வரணும், குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழ போகக் கூடாது. வரலைன்னா இன்னும் கொஞ்சம் பவுடர்.

அப்புறம், அதை ரோட்டோரம் கோலம் போடுற மாதிரி தூவி போட்டோ எடுக்காதீங்க. அதனால ஒரு கிருமியும் சாகாது.