மூத்த பாயின்செட்டியாவின் பழுப்புத் தண்டு: லிக்னிஃபிகேஷனுக்கு என்ன சொல்?

நண்பர்களே,

தொட்டிச்செடிக் குறிப்புகளைத் திருத்தும்போது ஒரே சொல்லில் இரண்டு நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன். பாயின்செட்டியா என்ற சிவப்பு மேலிலைச் செடிக்கு வயதாக ஆக அடித்தண்டு பழுப்பேறிக் கெட்டிப்படும் (ஆங்கிலத்தில் லிக்னிஃபிகேஷன்), அது நோயல்ல என்று சொல்ல வேண்டிய இடம். நம் வரைவில் ‘தண்டு மரத்துப்போதல்’ என்று இருக்கிறது. படிப்பவருக்குக் கால் மரத்துப்போவதுதான் நினைவுக்கு வரும். செடிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று கத்தரியை எடுத்துவிடுவார்.

நானே எடுத்தவன்தான். என் செடியின் அடித்தண்டு சாம்பல் கலந்த பழுப்பாக, பழைய இலைத்தழும்புகளோடு, நடுநடுவே மணல் ஒட்டியதுபோல் பட்டைத்துளைகளோடு இருந்தது. அழுகல் என்று முடிவுகட்டி ஒரு கிளையை மண்மட்டத்தில் அறுத்தேன். வெட்டுவாயைச் சுற்றி வெள்ளைப்பால் முத்துமுத்தாகக் கோத்து நின்றது. தோலுக்கு அடியில் பச்சை வளையம். குற்றமே இல்லாத கிளை! போதாததற்கு அந்தப் பால் பட்டுக் கையில் அரிப்பு வேறு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘வைரம் பாய்தல்’ அழகாக இருக்கிறது, ஆனால் அது பெருமரத்தின் நடுக்கட்டைக்கு உரியது. பாடநூல்களும் வைரக்கட்டை என்பதை அந்தப் பொருளில்தான் ஆள்கின்றன. ‘மூப்படைதல்’ ஏற்கெனவே செனசென்ஸுக்கு, அதாவது செடி முதுமையில் தளர்வதற்கு, போய்விட்டது. ‘முற்றல்’ எல்லோருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் காயும் முற்றும், நோயும் முற்றும்.

என் பரிந்துரை: காழ்த்தல். உள்ளே காழ், அதாவது கெட்டிப்பகுதி, உடையதை மரம் என்றும் புறத்தே உடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. முள்மரத்தை இளசிலேயே களையச் சொல்லும் 879ஆம் குறள், அது முதிர்ந்து கெட்டிப்பட்ட நிலையைக் ‘காழ்த்த இடத்து’ என்கிறது. செடித்தண்டுக்கே ஆண்ட வினைச்சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்குக் கட்ட வேண்டும்?

— — —

> என் பரிந்துரை: காழ்த்தல்.

ஐயா, எனக்கு இரண்டு தயக்கம்.

ஒன்று, ‘காழ்ப்பு’ என்றாலே இன்று வன்மம்தான். இரண்டாவதுதான் பெரியது. நீங்கள் வெளியே பார்த்த பழுப்பு, தண்டைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் அல்ல, அது தக்கைப் பட்டை. லிக்னின் சேர்வது உள்ளே, கட்டைத் திசுவின் செல்சுவர்களில். இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நடப்பதால் ஒன்றாகத் தெரிகிறது. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் நாளைக்குத் தாவரவியல் கட்டுரை எழுதுபவர் நம்மைத்தான் திட்டுவார்.

அப்புறம் ஒரு விண்ணப்பம். எந்தச் சொல்லை வைத்தாலும், அழுகலை எப்படிப் பிரித்தறிவது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

— — —

> இரண்டாவதுதான் பெரியது.

ஒப்புக்கொள்கிறேன், நான் குழப்பிவிட்டேன். உள்ளே நடப்பதற்குக் காழ்த்தல், வெளியே நடப்பதற்குப் பட்டை கட்டுதல் என்று பிரிக்கலாம். புண் ஆறும்போது பொருக்குக் கட்டுகிறது என்கிறோமே, அதே வாய்ப்பாடு. அகக்காழ் என்ற பழைய பிரிவுக்கும் இது பொருந்திவருகிறது. முதல் தயக்கத்துக்கு விடை எளிது: காழ்ப்பு என்ற பெயர்ச்சொல்லைத் தொடவே வேண்டாம். காழ்த்தல், காழ்த்த தண்டு, காழ்க்காத தண்டு என்று வினையாகவே ஆள்வோம். ‘காழ்க்காத தண்டு’ தண்டு வெட்டி நடுவதைப் பற்றி எழுதுமிடத்திலும் உதவும், ஏனென்றால் பாயின்செட்டியாவுக்கு நுனியின் இளந்தண்டுதான் எளிதில் வேர்விடும்.

அழுகலைப் பிரித்தறிய ‘நகச்சோதனை’ என்று ஒரு தலைப்பு போட்டிருக்கிறேன். நகத்தால் தோலை லேசாகக் கீறினால் காழ்த்த தண்டு கெட்டியாக இருக்கும், அடியில் பச்சை தெரியும், பால் கசியும். அழுகிய தண்டில் தோல் வழுக்கிக்கொண்டு வரும், உள்ளே பழுப்பு, பால் இருக்காது. கீறியதும் பழுப்பாகவும் மொறமொறவென்று காய்ந்தும் இருந்தால் அது நுனிக்கருகல். பச்சை தெரியும்வரை இறங்கி வெட்டினால் போதும்.

மண்மட்டத்தில் தண்டு பழுப்பேறி உள்வாங்கி இடுப்பு இறுக்கியதுபோல் இருந்தால் ரைசோக்டோனியா என்ற பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். அதற்குக் ‘கழுத்தழுகல்’ என்ற வழக்கு இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்வோம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் தண்டை விட்டுவிட்டு வேரைப் பார்க்க வேண்டும். பித்தியம் என்ற வேரழுகல் கிருமி தாக்கிய வேரை இழுத்தால் மேலுறை உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். பெரும்பாலும் தொட்டியைச் சுற்றிய பளபளப்புத் தாளுக்குள் தேங்கிய தண்ணீர்தான் காரணம். அந்தத் தாளை முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

கவாத்து வரியைத் திருத்தி இப்படி மாற்றியிருக்கிறேன்:

“பூவடிச்செதில்கள் (பூப்போல் நிறமேறிய மேலிலைகள்) நிறம் மங்கி உதிரத் தொடங்கியதும் கிளைகளை 10 முதல் 15 செ.மீ. விட்டு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டவும். அடித்தண்டு காழ்த்து, பட்டை கட்டியிருந்தால் அதை நீக்க வேண்டாம். காழ்த்த பகுதியிலிருந்து தளிர் வர அதிக நாளாகும். அதுவரை இலை இல்லாத செடிக்குத் தண்ணீரைக் குறைக்கவும்.”

‘உள்வாங்கி’ என்ற இடத்துக்கு ‘குழிந்து’ பொருந்துமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.