விபி6 பில்லிங்கைப் பிரவுசருக்கு மாற்றினால் கை வேகம் போய்விடுமா?

கணக்குப்புலி:
நாங்கள் பில் போடும் மென்பொருள் விஷுவல் பேசிக் 6-இல் எழுதியது. டேட்டா முழுக்க ஒரே ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ்) ஃபைல். அது 2 ஜிபியை நெருங்கிவிட்டது, அதற்கு மேல் ஆக்சஸ் தாங்காது. எழுதித் தந்தவர் "இனி பிரவுசரில்தான் செய்து தருவேன்" என்கிறார். என் கவலையெல்லாம் பில் போடுகிறவரைப் பற்றித்தான். மவுஸைத் தொடவே மாட்டார். எஃப்2, எஃப்5, என்டர், அவ்வளவுதான். பிரவுசரில் இது நடக்குமா?

டேப்கீ:
நடக்கும், கேட்டு வாங்கினால். முதலில் என்டர். பழைய மென்பொருளில் என்டர் அடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகும். பிரவுசர் ஃபார்மில் அதுவே சப்மிட். பாதி பில்லில் பழக்கதோஷத்தில் ஒருமுறை தட்டினால் முடியாத பில் அப்படியே பதிவாகிவிடும். "என்டர் அடுத்த கட்டத்துக்குத்தான் போக வேண்டும்" என்று எழுதியே கொடுங்கள்.

எஃப்5 பக்கத்தை ரீலோட் செய்யும், அடித்ததெல்லாம் காலி. இதை நிரலில் தடுக்கலாம். ஆனால் சாதாரண டேபில் கன்ட்ரோல்+டபிள்யூ, கன்ட்ரோல்+என் இரண்டையும் குரோம் விட்டுத்தராது. உங்கள் ஷார்ட்கட்டில் அவை இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். எதற்கும் பாதி பில் இன்டெக்ஸ்டுடிபியில், அதாவது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடத்தில், தானாகச் சேமிக்கப்படட்டும். டேப் மூடினாலும், நெட் போனாலும் அது அங்கேயே இருக்கும்.

பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டு மாதிரிதான் நடந்துகொள்ளும், பிரச்சினை இல்லை. சீரியல் போர்ட்டில் எடை மெஷின் இருந்தால் அந்த போர்ட்டோடு பக்கமே நேராகப் பேச குரோமில் 2021 முதல் வெப் சீரியல் என்ற வசதி இருக்கிறது. பிரிண்டர்தான் தலைவலி. பழைய மென்பொருள் டாட் மேட்ரிக்ஸுக்கு எழுத்துகளை நேராக அனுப்பும், சரசரவென்று வரும். பிரவுசரோ பக்கத்தைப் படமாக்கி, நடுவில் ஒரு பிரிண்ட் பெட்டியையும் காட்டும். ஒவ்வொரு பில்லுக்கும் அதை மூடிக்கொண்டிருக்க முடியுமா? பிரிண்டுக்கென்று ஒரு குட்டி புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட வேண்டியிருக்கும். டெஸ்க்டாப்பை முழுசாகக் கைகழுவ முடியாது என்பது இங்கேதான் தெரியும்.

பழையசர்வர்:
எல்லாரும் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரவுசரில் திறப்பது வேறு, டேட்டா வெளியே போவது வேறு. சர்வரை உங்கள் அலுவலக நெட்வொர்க்கிலேயே வைக்கலாம், இன்டர்நெட்டே தேவையில்லை. மென்பொருள் எழுதித் தருபவருடைய சர்வரில்தான் என்றால், சந்தாவை நிறுத்தினால் டேட்டா எந்த வடிவில் கைக்கு வரும் என்று இப்போதே கேளுங்கள். ஆக்சஸ் ஃபைலை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்தீர்கள். அந்தச் சுதந்திரம் தானாக வராது.

நடுவழி:
எலெக்ட்ரான் பார்த்தீர்களா? புரோகிராம் எழுத உதவும் விஎஸ் கோடு அதில்தான் செய்தது. உள்ளே வெப், வெளியே டெஸ்க்டாப். ஷார்ட்கட், பிரிண்டர் இரண்டும் உங்கள் கையில். ரேம்தான் வாரித் தின்னும்.

டேப்கீ:
நல்ல யோசனைதான், ஆனால் பழையபடி ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இன்ஸ்டால், அப்டேட். பிரவுசருக்குப் போவதே அந்த வேலை ஒழியத்தானே?

கணக்குப்புலி:
நன்றி. சர்வர் உள்ளேயே இருக்கலாம் என்று எழுதித் தந்தவர் சொல்லவேயில்லை. என்டர், பிரிண்ட் இரண்டையும் முதலில் ஒரே ஒரு திரையில் செய்து காட்டச் சொல்லப்போகிறேன். பில் போடுகிறவர் உட்கார்ந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் அட்வான்ஸ். இன்னொன்று: பழைய பில்களை முழுக்க ஏற்ற வேண்டுமா, இல்லை நிலுவையை மட்டும் கொண்டுபோனால் போதுமா?